கறந்த சூட்டில் குடிக்கும் பாலில் நல்ல பாக்டீரியா நோய்க்கிருமியைக் கொன்றுவிடுமா?

#1 வெயில்மகள்

எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் தோட்டம். மாமனாரிடம் இரண்டு காங்கேயம் பசுக்களும் ஓர் எருமையும் இருக்கின்றன. என் மகனுக்கு இன்னும் மூன்று வயது நிறையவில்லை. விடிந்ததும் அவனைத் தொழுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், கறந்த சூடு ஆறுவதற்குள் ஒரு டம்ளர் பாலைக் குடிக்க வைத்துவிடுகிறார். காய்ச்சித் தரலாமே என்றால், "உன் வீட்டுக்காரன் இப்படிக் குடித்துத்தான் வளர்ந்தான்" என்பார். அதற்கு மேல் பேச முடியாது.

இப்போது அவருக்கு அறிவியலும் துணைக்கு வந்துவிட்டது. கைபேசியில் யாரோ அனுப்பிய செய்தி: பச்சைப் பாலில் இயற்கையாகவே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடுமாம், காய்ச்சினால் அந்தக் காவல்படைதான் முதலில் சாகுமாம். சத்தமாக எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வணிகவியல் படித்தவள், பதில் தெரியவில்லை. இது முழுப் பொய்யா, பாதி உண்மையா? பாதி உண்மை என்றால் எந்தப் பாதி?

#2 பட்டிக்காரன்

பொய் இல்லை சகோதரி. உங்கள் மாமனார் சொல்வதுதான் சரி. பதினொரு வருடங்களாக வீடு வீடாகப் பச்சைப் பால் ஊற்றுகிறேன். ஒருவர்கூட வயிற்றுவலி என்று வந்து நின்றதில்லை. பாக்கெட் பாலை நான்கு நாள் வெளியே வைத்துப் பாருங்கள், கசந்து நாறும். என் பாலை வைத்துப் பாருங்கள், புளித்துத் தயிராகும். ஏன்? அதில் உயிர் இருக்கிறது. நல்ல உயிர் இருக்கும் இடத்தில் கெட்டது அண்டாது. இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை, மூக்கு இருந்தால் போதும்.

என் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

#3 மாட்டுக்கொட்டகை

அது வேறு விஷயம் இல்லை ஐயா. அதுதான் விஷயம்.

(கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். விரிவாகப் பிறகு எழுதுகிறேன், இப்போது பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும். வெயில்மகள், அதற்குள் ஒன்று கேட்டு வையுங்கள்: அந்தப் பசுக்கள் கிடாரிக் கன்றாக இருந்தபோது கன்றுவீச்சு நோய்க்கு ஊசி போட்டார்களா?)

#4 பெட்ரித்தட்டு

பால் நுண்ணுயிரியல் என் தொழில். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமனாருக்கு வந்த செய்தியின் முதல் பாதி உண்மை. பட்டிக்காரன் ஐயாவின் மூக்கும் பொய் சொல்லவில்லை. பச்சைப் பாலில், பாலைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை பெருகினால் மற்றவற்றை அடக்குகின்றன. இது பழைய சங்கதி. அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர், புளித்த பாலைப் பல மடங்கு நீர்க்கச் செய்து ஒரே ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்து 1878-இல் எழுதினார். ஒரு பாக்டீரியாவைக் கலப்பில்லாமல் வளர்த்துக் காட்டிய முதல் வேலை அது. இன்று அதற்குப் பெயர் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ். வேடிக்கை என்னவென்றால், அதே லிஸ்டரின் பெயரைத்தான் பின்னாளில் பாலிலும் பாலாடைக்கட்டியிலும் வரும் ஒரு கொடிய கிருமிக்கு வைத்தார்கள்: லிஸ்டீரியா. நல்லதைக் கண்டுபிடித்தவர் பெயர் கெட்டதன் தலையில் ஏறியது.

இந்த லாக்டோகாக்கஸ் எப்படி அடக்குகிறது? முதல் ஆயுதம் அமிலம். புளிப்பைக் காட்டும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) பாலில் ஏறத்தாழ 6.7. தயிராகும்போது 4.5 அளவுக்கு இறங்குகிறது. அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகளால் பெருக முடியாது. இரண்டாவது ஆயுதம் பாக்டீரியோசின் எனப்படும் சிறு புரதங்கள். அமெரிக்காவில் 1928-இல் இரண்டு ஆய்வாளர்கள், சில பாலில் இருக்கும் பாக்டீரியா மற்ற பாக்டீரியாவை வளரவிடாமல் செய்வதைக் கவனித்தார்கள். 1947-இல் இங்கிலாந்தில் அந்தப் பொருளுக்கு நைசின் என்று பெயரிட்டார்கள். 34 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது. எதிரி தன் செல்சுவரைக் கட்ட எடுத்து வரும் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே ஓட்டை போடும். கடையில் வாங்கும் சீஸ் துண்டின் உறையில் 234 என்ற எண்ணைப் பார்த்தால் அது நைசின்தான்.

ஆனால் நைசின் எல்லோரையும் அடிக்காது. லிஸ்டீரியா, ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவற்றை அடிக்கும். ஈ.கோலை, சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் ஆகியவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. மழைக்கோட்டு போட்டவன் மேல் தண்ணீர் தெளித்த கதைதான்.

மூன்றாவது, சில வகைகள் ஹைட்ரஜன் பெராக்சைடு விடும். நான்காவது வெறும் கூட்டம். ஒரு இனம் பாலில் உச்ச எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் மற்ற எல்லா இனத்தின் வளர்ச்சியும் அங்கேயே நின்றுவிடும். சால்மோனெல்லாவை வைத்து 1962-இல் ஜேம்சன் என்பவர் இதை விளக்கினார். பந்தியில் கடைசியாக வந்தவனுக்கு இலை கிடைக்காது.

இப்போது செய்தியின் அடுத்த பாதி. இந்த நான்கு ஆயுதங்களுக்கும் நேரம் வேண்டும், வெதுவெதுப்பும் வேண்டும். நலமான மடியில் இருந்து வரும் பாலில் கிருமிகள் சொற்பம். பெரும்பாலானவை காம்பின் தோலில் இருந்தும், கையில் இருந்தும், பாத்திரத்தில் இருந்தும், வைக்கோல் தூசியில் இருந்தும் வந்து சேர்கின்றன. நல்லதும் கெட்டதும் ஒரே வழியாகத்தான் நுழைகின்றன. கறந்த ஐந்து நிமிடத்தில் எந்த லாக்டோகாக்கஸும் பெருகியிருக்காது, அமிலம் இல்லை, நைசின் இல்லை. உங்கள் மாமனார் நம்பும் காவல்படை அந்த நேரத்தில் இன்னும் பணியில் சேரவே இல்லை. கறந்த சூட்டில் குடிப்பது என்றால், அந்தப் படையின் உதவி துளியும் கிடைக்காத வேளையில் குடிப்பது.

#5 கேன்_தூக்கி

பெட்ரித்தட்டு சொன்னதில் ஒரு சிறு திருத்தம். எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். கறந்த பால் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே நிற்கும், கெடாது. அதை வைத்துத்தான் காலை வண்டி வரும்வரை சமாளிக்கிறோம். அப்படியானால் அந்த நேரத்தில் ஏதோ ஒரு காவல் இருக்கத்தானே வேண்டும்?

#6 பெட்ரித்தட்டு

சரியாகப் பிடித்தீர்கள். இருக்கிறது, ஆனால் அது பாக்டீரியாவின் வேலை இல்லை, மாட்டின் வேலை. பாலிலேயே லாக்டோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. பாலில் இயல்பாக உள்ள தயோசயனேட்டையும் துளியளவு பெராக்சைடையும் சேர்த்து, கிருமியைத் திணறடிக்கும் ஒரு பொருளை உண்டாக்குகிறது. குளிரூட்டும் வசதி இல்லாத நாடுகளுக்காக இதையே தூண்டிவிடும் முறையை, உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1991-இல் வழிகாட்டியாக வெளியிட்டது. ஒரு லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் உப்புகளைச் சேர்த்தால் 30 பாகை வெப்பத்திலும் பால் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். ஆனால் அது வளர்ச்சியைத் தள்ளிப்போடும், உள்ளே இருப்பதை ஒழித்துக்கட்டாது. வண்டி வரும்வரை பால் திரியாமல் இருப்பது வேறு, குழந்தைக்கு நோய் வராமல் இருப்பது வேறு.

#7 வடைச்சட்டி

எனக்கு ஒரு சுலபமான வழி தோன்றுகிறது. பச்சைப் பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் நல்ல பாக்டீரியாவுக்கு நேரம் கிடைக்குமே? பிறகு குடிக்கலாமே?

#8 பெட்ரித்தட்டு

இதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. 4 பாகைக் குளிரில் லாக்டோகாக்கஸ் தூங்கும். தூங்காதவை சூடோமோனாஸ் போன்ற குளிர்விரும்பிகள். குளிரில் வைத்த பாக்கெட் பால் புளிக்காமல் கசந்து நாறுவதற்கும் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான் காரணம். தூங்காத இன்னொன்று, மேலே சொன்ன லிஸ்டீரியா. மெல்ல மெல்ல அந்தக் குளிரிலும் பெருகும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் கடைகளில் விற்ற பாலில் 2,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள். "உயிருள்ள பால்" என்று விற்கப்பட்ட பச்சைப் பாலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சொற்பமாகத்தான் இருந்தன, சூடோமோனாஸ்தான் நிறைந்திருந்தது. சரி, வெளியே வைத்தால் நல்லவை எழுந்துகொள்ளுமா என்று அறை வெப்பத்தில் வைத்தும் பார்த்தார்கள். ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத மரபணுக்கள் பெருகியதுதான் மிச்சம்.

வீட்டுப் பெட்டியை நம்பி எதையும் ஊறப்போட வேண்டாம், வடைச்சட்டி. உளுந்தைத் தவிர.

#9 சீஸ்கிறுக்கன்

நான் பிரான்சில் ஒவெர்ன் பகுதியில் இருக்கிறேன், வேலை கணினி, கிறுக்கு பாலாடைக்கட்டி. இந்த இழையில் நல்ல பாக்டீரியாவுக்கு வக்கீல் இல்லாமல் போய்விட்டது போலிருக்கிறது, நான் வருகிறேன்.

எங்கள் மலைப்பகுதியில் சலேர் என்று ஒரு பாலாடைக்கட்டி. பசுக்கள் மேய்ச்சலில் இருக்கும் மாதங்களில் மட்டும் செய்வார்கள். ஜெர்ல் என்ற மரத்தொட்டியில் கறந்த பாலைச் சூட்டோடு ஊற்றுகிறார்கள். செஸ்ட்நட் மரம். அதைச் சோப்பு போட்டுத் தேய்ப்பதில்லை. வெளியில் இருந்து உறை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்தின் இழைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவே உறை. சிசிலியில் ரகுசானோ செய்யும் தினா என்ற மரத்தொட்டியும் இப்படித்தான். 2009-இல் வந்த ஆய்வில், அந்தத் தொட்டிகளின் உட்சுவரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், முக்கியமாகத் தயிர் உறைகளிலும் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், கம்பளம் விரித்தாற்போல் இருந்தன. பாலை ஊற்றிய சில நிமிடங்களிலேயே அவை பாலுக்குள் இறங்கிவிடுகின்றன. அந்தக் கம்பளத்தில் லிஸ்டீரியாவோ சால்மோனெல்லாவோ அகப்படவில்லை. நம் பாட்டிமார் உறைச்சட்டியைத் தேய்த்துக் கழுவவிடாமல் வைத்திருந்த கதை நினைவுக்கு வருகிறது, இல்லையா?

இதைவிடச் சுவையானது ஒரு கன்னியாஸ்திரியின் கதை. அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தில் பெத்லகேம் என்ற ஊர், அங்கே ரெஜினா லாவுதிஸ் மடம். நோயெல்லா மார்செலினோ என்ற சகோதரி, எங்கள் பகுதியின் சான்-நெக்தேர் முறையில், பச்சைப் பாலில், மரப்பீப்பாயில் பாலாடைக்கட்டி செய்து வந்தார். 1985-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மெக்சிகோ பாணி மென்சீஸ் ஒன்றில் லிஸ்டீரியா வந்தது. 142 பேர் நோயுற்றார்கள், 48 உயிர்கள் போயின. கருவிலேயே இறந்த சிசுக்களும் அதில் அடக்கம். பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலோடு பச்சைப் பால் கலந்திருந்தது. அதன்பிறகு சுகாதார அதிகாரிகள் மரப்பீப்பாய் கூடாது, துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும் என்றார்கள். சகோதரி சண்டை போடவில்லை. ஒரே பாலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று மரத்தில், ஒன்று எஃகில். இரண்டிலும் வேண்டுமென்றே ஈ.கோலையைக் கலந்தார். பளபளக்கும் எஃகுத் தொட்டியின் கட்டியில் ஈ.கோலை செழித்து நின்றது. மரப்பீப்பாயின் கட்டியில் கிட்டத்தட்ட இல்லை. பீப்பாயின் மரத்தில் வாழ்ந்த பாக்டீரியாக்கள் பாலை விரைவாகப் புளிக்க வைத்துவிட்டன. பிறகு அவர் இதே துறையில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

இன்னும் ஒன்று. இங்கே பக்கத்தில் ஒரியாக் ஊரில் அரசு வேளாண் ஆய்வகத்தார் பல ஆண்டுகள் சான்-நெக்தேர் கட்டியின் மேல்தோலில் வாழும் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். சில தோல்களில் லிஸ்டீரியாவைப் பூசினாலும் வளரவில்லை. எந்த ஒற்றைப் பாக்டீரியாவைப் பாராட்டுவது என்று தேடினால், ஆள் அகப்படவில்லை. கூட்டமாக இருக்கும்போதுதான் அடக்குகின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல. அவர்கள் கண்ட இன்னொரு விந்தை: பச்சைப் பால் கட்டியில் வரும் ஹாஃப்னியா ஆல்வெய் என்ற பாக்டீரியா, ஈ.கோலைக்குத் தூரத்து உறவு. உறவுக்காரனையே அது அடக்குகிறது. லாக்டோகாக்கஸ் கார்வியே என்று ஒன்று, ஸ்டாஃபிலோகாக்கஸைப் பெராக்சைடு விட்டு ஒடுக்குகிறது. ஆனால் அதே கார்வியே மீன் பண்ணைகளில் டிரவுட் மீன்களைக் கொன்று குவிக்கும் கிருமி. "நல்ல பாக்டீரியா" என்ற பட்டம் யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று மீனைக் கேட்க வேண்டும்.

#10 பட்டிக்காரன்

பார்த்தீர்களா! இதைத்தானே நானும் முதலில் சொன்னேன்! கன்னியாஸ்திரியே நிரூபித்துவிட்டார்.

அதோடு இன்னொன்றும். ஐரோப்பாவில் பண்ணைக் குழந்தைகளை வைத்து 2011-இல் செய்த ஆய்வு, ஆயிரக்கணக்கான குழந்தைகள். பச்சைப் பால் குடித்தவர்களுக்கு ஆஸ்துமா குறைவு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#11 சீஸ்கிறுக்கன்

ஐயா, கன்னியாஸ்திரி நிரூபித்தது பீப்பாயை. பாலை இல்லை. ஒரே பால்தான் எஃகிலும் இருந்தது, அங்கே அது தோற்றது. இதை நீங்கள் கவனித்தே ஆக வேண்டும்.

நான் பச்சைப் பால் சீஸ் விரும்பித் தின்பவன். ஆனால் பச்சைப் பால் குடிப்பதில்லை. இங்கே நான் பால் வாங்கும் பண்ணைக்காரரும் தம் பேரக்குழந்தைகளுக்கு இளம் பச்சைப் பால் கட்டியைக்கூடத் தருவதில்லை. மாதக்கணக்கில் முதிர்ந்த கடினமான கட்டி என்றால் தருகிறார்.

#12 பெட்ரித்தட்டு

அந்த 2011 ஆய்வு எனக்கும் பிடித்தது, பட்டிக்காரன் ஐயா. முழுவதும் படித்துப் பாருங்கள். பாலை ஆய்வகத்தில் சோதித்தபோது, ஆஸ்துமா குறைவோடு பொருந்தியது பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் தங்கும் சில புரதங்கள். பாக்டீரியா எண்ணிக்கை பொருந்தவே இல்லை. நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால் பச்சைப் பாலைப் பரிந்துரைக்க முடியாது என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். சூடாக்கிய பாலில் போட்டிக்கு ஆள் இல்லை. சூடாக்கிய பிறகு அழுக்குக் கரண்டியாலோ அழுக்குக் கையாலோ ஒரு லிஸ்டீரியா உள்ளே விழுந்தால், காலி வீட்டில் திருடன் புகுந்தது போலத்தான், பச்சைப் பாலில் இருப்பதைவிட வேகமாகப் பெருகும். இந்த விஷயத்தில் பச்சைப் பால்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் காய்ச்சிய பாலை மூடி வைக்க வேண்டும், ஆறியதும் உறை ஊற்ற வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும்.

அடுத்து, எண்ணிக்கை. அடக்குவது என்றால் பெருகவிடாமல் தடுப்பது. சில கிருமிகளுக்குப் பெருக வேண்டிய அவசியமே இல்லை. கேம்பைலோபேக்டர் பாலில் பெருகுவது அரிது, ஆனால் சொற்ப எண்ணிக்கையே போதும். ராபின்சன் என்ற மருத்துவர் 1981-இல், வெறும் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தாமே குடித்துப் பார்த்தார். சில நாட்களில் படுத்துவிட்டார். ஓ157 என்ற ஈ.கோலை வகைக்கு நூறுக்கும் குறைவானவை போதும், அது புளிப்பையும் தாக்குப்பிடிக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். அமெரிக்காவில் பச்சைப் பால் சீஸை 60 நாள் முதிர வைத்தால் விற்கலாம் என்று ஒரு பழைய விதி உண்டு. அந்த 60 நாளையும் தாண்டி இந்த ஓ157 உயிரோடு இருந்திருக்கிறது.

#13 மாட்டுக்கொட்டகை

பேத்தியை விட்டுவிட்டு வந்து, தூங்கி எழுந்து, எல்லாவற்றையும் படித்தேன். எல்லோரும் பாத்திரத்தில் விழும் கிருமியைப் பேசுகிறீர்கள். நான் மாட்டுக்குள் இருக்கும் கிருமியைப் பேச வந்தேன்.

கன்றுவீச்சு நோய். புருசெல்லா என்ற கிருமி. பசு பார்வைக்கு நலமாக இருக்கும், பால் நிறையக் கொடுக்கும், சினையின் பிற்பகுதியில் ஒரு முறை கன்று வீசியிருக்கும், அவ்வளவுதான். பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கும். குடிப்பவருக்கு மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, முதுகுவலி. டைபாய்டு என்றும் வாதம் என்றும் வைத்தியம் பார்த்து அலைந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் என்னைப் போன்ற மாட்டு வைத்தியர்களும் உண்டு, கன்று போடும்போது கையை விட்டதன் பலன்.

உங்கள் மாமனாருக்கு மால்டா தீவின் கதையைச் சொல்லுங்கள். அங்கே ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து, கண்ணெதிரே கறந்து, சூட்டோடு கொடுப்பார்கள். அதைவிடப் புதிய பால் உலகத்தில் இல்லை. அந்தத் தீவில் இருந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் விடாத காய்ச்சலில் கிடந்தார்கள். 1887-இல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டார். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கொசு, காற்று, சாக்கடை என்று எல்லாவற்றையும் தேடினார்கள். 1905-இல் தெமிஸ்டோகிள்ஸ் சாமித் என்ற மால்டா நாட்டு மருத்துவர், கொழுகொழு என்றிருந்த ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்துப் பிடித்தார். 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. அந்த ஆட்டுப்பாலிலும் லாக்டோகாக்கஸ் இருந்திருக்கும்தானே? அது என்ன செய்தது?

புருசெல்லாவும், மாட்டில் இருந்து வரும் காசநோய்க் கிருமியும் பாலில் வளர்ந்து பெருகுபவை அல்ல. வந்தபடியே இருந்து, குடித்தவர் உடம்பில் இறங்கிக் குடியேறுபவை. போட்டியே போடாதவனைப் போட்டியில் எப்படித் தோற்கடிப்பீர்கள்? மாட்டுக் காசநோய் மேல்நாட்டுக் கதை என்றும் நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் காசநோய் மாதிரிகளை மரபணு வழியாக ஆராய்ந்து 2020-இல் வந்த கட்டுரையில், கால்நடைகளிலும் காணப்படும் மைகோபேக்டீரியம் ஒரிஜிஸ் என்ற வகை சிலரிடம் இருந்தது.

நாட்டுமாடு, கலப்பினம் என்ற பேதம் இதற்குக் கிடையாது. காங்கேயத்துக்கும் வரும். 2019-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் நான்கு முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே முறை ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள். பெரிய மாடுகளுக்கு, பாலை வைத்தே இந்த நோயை அறியும் பால் வளையச் சோதனையும் ரத்தச் சோதனையும் இருக்கின்றன.

இன்னொரு சங்கதி காய்ச்சும் கட்சிக்கும் சேர்த்து. மடிநோய் வந்த மாட்டுப் பாலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் இருக்கும். அந்தப் பால் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது நஞ்சைக் கக்கிவிடும். பிறகு கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு ஒசாகா வட்டாரத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் வாந்தியெடுத்தார்கள். பால்பவுடர் ஆலையில் மின்சாரம் நின்று, பால் சூட்டிலேயே கிடந்ததன் விளைவு. குடித்ததெல்லாம் முறைப்படி சூடாக்கிய பால்தான். ஆகவே மடி வீங்கியிருந்தால், பாலில் திரி வந்தால், அதைக் காய்ச்சிச் சமாளிக்க நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

#14 பட்டிக்காரன்

மால்டா கதை எனக்குத் தெரியாது. என் மாடுகளுக்கு ஊசி போட்ட சீட்டு இருக்கிறது, இரண்டு மாட்டுக்கு மட்டும் இல்லை, அவை சந்தையில் வாங்கியவை. சோதித்துவிட்டு வந்து எழுதுகிறேன். மருத்துவர் ஐயா, பால் வளையச் சோதனைக்கு எவ்வளவு பால் எடுத்துப் போக வேண்டும்?

#15 மாட்டுக்கொட்டகை

சோதனைக்குழாய்க்கு ஒரு மில்லிலிட்டரே போதும், நீங்கள் மாட்டுக்கு ஒரு சிறு புட்டியில் தனித்தனியாக, எந்த மாடு என்று எழுதிக் கொண்டுபோங்கள். கலந்து எடுத்துப் போகாதீர்கள். சீம்பால் நாட்களிலும், மடிநோய் இருக்கும்போதும், கறவை வற்றும் நேரத்திலும் தவறான முடிவு காட்டும். கேட்டதற்கு மகிழ்ச்சி.

#16 வெயில்மகள்

எல்லோருக்கும் நன்றி. நான் உரக்கப் படிக்க, மாமனார் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி கேட்டார். நைசின் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மால்டா வந்தபோது எழுந்து உட்கார்ந்தார். எங்கள் சிவப்புப் பசு இரண்டாவது ஈத்தில் கன்று வீசியதை அப்போதுதான் சொன்னார். எனக்கு அது தெரியவே தெரியாது. நாளைக்கு மருந்தகத்துக்கு நாங்கள் இருவரும் போகிறோம். பையனுக்குக் குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஒரு கேள்வி மிச்சம். காய்ச்சினால் நல்ல பாக்டீரியா செத்துவிடும் என்பது உண்மைதானே? அதை அவன் இழக்கிறானே என்பதுதான் மாமனாரின் ஒரே வருத்தம்.

#17 பெட்ரித்தட்டு

சாகும். ஆனால் உறை ஊற்றினால் திரும்பி வருகிறது, அதுவும் ஆயிரம் மடங்காக. காய்ச்சுவது காலி மைதானம். உறைமோர் ஒரு கரண்டி என்பது நீங்கள் பொறுக்கி எடுத்து இறக்கும் படை. நம் வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் பெருகி நிற்கும். கறந்த பாலில் தற்செயலாக விழுந்த நாலைந்தை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். மாமனார் தேடும் நல்ல பாக்டீரியா தொழுவத்தில் இல்லை, உங்கள் அடுப்படி உறைச்சட்டியில் இருக்கிறது. பையனுக்கு மோர்ச்சோறு கொடுங்கள். உறைமோர் மட்டும் காய்ச்சிய பாலில் தோய்த்த தயிரில் இருந்து எடுத்ததாக இருக்கட்டும்.

சத்து போய்விடுமே என்று அடுத்து கேட்பார். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அப்படியே இருக்கும். கொஞ்சம் பி1, கொஞ்சம் சி குறையும். சி வைட்டமினுக்கு யாரும் பாலை நம்பி இருப்பதில்லை, தோட்டத்தில் நெல்லி இருக்குமே.

#18 வெயில்மகள்

நெல்லி இருக்கிறது. மாமனார் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை: பால் காய்ச்சுவது அவர்தானாம், மருமகள் பொங்கவிட்டுவிடுவாளாம்.

சீஸ்கிறுக்கன் தம்பிக்கு அவரிடம் இருந்து ஒரு கேள்வி. அந்தக் கன்னியாஸ்திரி என்ன மாடு வைத்திருந்தார்? நேற்றிரவு முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

#19 சீஸ்கிறுக்கன்

அந்த மடத்தில் வளர்த்தது டச்சு பெல்ட்டட் என்ற இனம். உடம்பு முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை.

#20 வெயில்மகள்

சொன்னேன். "பட்டை போட்ட மாடா? அப்படியானால் அது சைவ மாடு, கன்னியாஸ்திரியிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?" என்கிறார். இதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.